தீவைப் பார்த்தவன் எழுதட்டும்

சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவின் அடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுக்கப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டபோது, அதுவரை செயற்கைக்கோளின் மெலிந்த இணைப்பை நம்பி, ஒரு பக்கம் திரையில் விரிவதற்குள் பொறுமையிழந்து எழுந்துபோக நேர்ந்த அந்தமான் மாணாக்கர்களுக்கு, உலகத்து நூலகங்களின் கதவுகள் எல்லாம் ஏககாலத்தில் திறந்துகொண்டன. அது பெரிய பாக்கியம் என்பதில் சந்தேகமில்லை. கடலால் பிரிக்கப்பட்டு, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் புத்தகத்துக்குக் காத்திருந்த ஒரு சமூகத்துக்கு இதைவிட உயர்ந்த கொடை வேறொன்று இருந்திருக்க முடியாது. ஆயினும், முன்பெல்லாம் கைடு புத்தகத்திலிருந்தும், சீனியர் மாணவர் விட்டுப்போன ரெக்கார்ட் நோட்டிலிருந்தும், ஜெராக்ஸ் கடையின் அடுக்கிலிருந்தும் மெள்ள மெள்ள நடைபெற்றுவந்த பிரதி எடுக்கும் பழக்கம், அதே கேபிளின் வழியே புதிய வேகத்தையும் புதிய விஸ்தீரணத்தையும் பெற்றுவிட்டது என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பிறர் எழுதியதைத் தன் பெயரில் சமர்ப்பிக்கும் கருத்துத் திருட்டு உலகத்துச் சர்வகலாசாலைகள் எல்லாவற்றையும் பீடித்திருக்கும் வியாதிதான். எனினும் இத்தீவுகளில் அதற்கு ஒரு தனியான நஷ்டம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில், ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயம் 1967-இல் தொடங்கப்பட்டது. வடக்கே மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி பின்னாளில் எழுந்தது. ஆசிரியப் பயிற்சிக்குத் தாகூர் கல்லூரியும், தொழில்நுட்பத்துக்கு அம்பேத்கர் பெயர் தாங்கிய நிலையமும் இருக்கின்றன. பாராளுமன்றச் சட்டத்தால் 1985-இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஆளுகை இத்தீவுகள் வரையில் நீண்டது. கடல் உயிரியல் கற்பிக்கும் அதன் வளாகம் ஒன்றும் இங்கே உண்டு. ஆகையால், தில்லியில் வகுக்கப்பட்டுப் புதுச்சேரி வழியாக வந்து சேரும் விதிகளே இங்குள்ள மாணாக்கர்களையும் கட்டுப்படுத்துகின்றன.

அந்த விதிகளில் முக்கியமானவை, பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட, கல்வி நேர்மையை வளர்ப்பதற்கும் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்குமான ஒழுங்குமுறைகள். ஓர் ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒப்புமை காணப்பட்டால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மேற்படாத தவணைக்குள் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக் காலம் திருத்திய பிரதியைக்கூடக் கொண்டுவர இயலாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்தாகும். மேற்கோள் குறியிட்டு உரியவர் பெயரைச் சொல்லி எடுத்தாண்ட பகுதிகளையும், நூற்பட்டியலையும், முகவுரையையும், பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும், தொடர்ந்து பதினான்கு சொற்களுக்கு மேற்படாத தொடர்களையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. புகார் வந்தால் முதலில் துறை அளவில் மூவர் கொண்ட குழுவும், பின்னர் நிறுவன அளவில் நால்வர் கொண்ட குழுவும் விசாரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 45 நாள் தவணை. குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தைக் கேட்கும் இயற்கை நீதிக் கோட்பாட்டைக் கைவிடலாகாது. பட்டம் பெற்ற பிறகு குற்றம் வெளிப்பட்டால், அந்தப் பட்டத்தையே சில காலம் நிறுத்திவைக்கவும் இடமுண்டு. இவ்வளவும் நிதானத்தோடு எழுதப்பட்ட விதிகள் என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே விதிகளின் வரையறைப் பகுதியை ஒருவர் சிரத்தையோடு வாசித்தால், அங்கே ஒரு விலக்கைக் காண்பார். முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஏடுகளும் அச்சேறும் கட்டுரைகளும் இவ்விதிகளுக்கு உட்பட்டவை. அசைன்மென்ட், பருவக் கட்டுரை, ப்ராஜெக்ட் அறிக்கை, வகுப்புப் பாடவேலை, விடைத்தாள் முதலியவை உட்படாதவை. சட்டம் இயற்றியவர்கள் இப்படி விலக்கியதற்குக் காரணம் இருக்கக்கூடும். பதினெட்டு வயதுப் பிள்ளையின் ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் நால்வர் குழு கூடி உட்கார முடியாது. ஆயினும் இந்தத் தீவுகளின் கல்லூரிகளில் பயில்வோரில் மிகப் பெரும்பாலோர் இளங்கலை மாணாக்கர்களே என்பதையும், அவர்கள் எழுதுவதெல்லாம் அந்த விலக்குக்குள் அடங்குகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், நிலைமை விளங்கும். பழக்கம் உருவாகும் மூன்று வருஷமும் சட்டம் வாசலுக்கு வெளியே நிற்கிறது. பழக்கம் முற்றிப் போய், ஆராய்ச்சி மாணாக்கராக வந்து நிற்கும் நாளில் அது திடீரென்று உள்ளே வந்து, பதிவை ரத்து செய்வேன் என்கிறது. இடையிலுள்ள பொறுப்பு முழுவதும் வகுப்பறையில் நிற்கும் உபாத்தியாயரின் தோளில் வந்து விழுகிறது. இதே விதிகள், ஒவ்வொரு பருவத்திலும் மாணாக்கர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதுகுறித்து விழிப்புணர்வுப் பயிற்சி நடத்த வேண்டும் என்றும் பணித்திருக்கின்றன. அந்தக் கட்டளை ஒரு மண்டபத்தில் நடக்கும் சொற்பொழிவாகச் சுருங்கிவிடாமல், வகுப்பறைக்குள் வருமானால் எவ்வளவோ நன்மை விளையும்.

மாணாக்கன் ஏன் பிரதி எடுக்கிறான் என்று கேட்டால், சோம்பல் என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. இந்தத் தீவுகளின் பள்ளிகளை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கே அரசுப் பள்ளிகளில் இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளின் வழியாகவும் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் எல்லோருக்கும் பொதுவான இந்துஸ்தானி, பள்ளியில் இன்னொரு மொழி என்று வளர்ந்த பெண், கல்லூரிக்கு வந்த முதல் பருவத்திலேயே ஆங்கிலத்தில் பத்துப் பக்க அசைன்மென்ட் எழுத நேர்கிறபோது, அவளுக்குச் சொல்ல விஷயம் இல்லாமல் போவதில்லை. அந்த விஷயத்தைத் தாங்கும் வாக்கியம் தன்னிடம் இல்லை என்ற பயமே முந்துகிறது. திரையில் தெரியும் அச்சுப்போன்ற ஆங்கிலம் தன்னுடைய தடுமாறும் ஆங்கிலத்தைவிட உயர்ந்தது என்று அவள் நினைக்கிறாள். அதை அப்படியே எழுதினால் இன்டர்னல் மதிப்பெண் கூடுகிறது என்ற அனுபவம் அந்த நினைப்பை உறுதிப்படுத்திவிடுகிறது. தவறான ஆங்கிலத்தில் உண்மையாக எழுதிய தோழிக்குக் குறைந்த மதிப்பெண்ணும், பிழையற்ற ஆங்கிலத்தில் இரவல் எழுதிய தனக்கு நிறைந்த மதிப்பெண்ணும் கிடைத்ததை ஒருமுறை கண்டுவிட்ட மாணவிக்கு, அதற்குப் பிறகு எந்தச் சொற்பொழிவும் நேர்மையைக் கற்பிக்காது. ஆகவே தடுப்பு முறைகளில் தலையாயது, ஆசிரியர் மதிப்பெண் இடும் முறையைத் திருத்துவதே என்று நான் கருதுகிறேன். முதல் வருஷத்திலாவது, சொந்தக் கருத்தைப் பிழையோடு எழுதியவருக்கு இரவல் அழகைவிட அதிக மதிப்பெண் தரப்படும் என்று வெளிப்படையாக அறிவித்து, அறிவித்தபடியே நடந்து காட்ட வேண்டும். முதல் வரைவைத் தமிழிலோ வங்காளத்திலோ எழுதிக்கொண்டு வரவும் அனுமதிக்கலாம்; அதை ஆங்கிலமாக்க உதவுவது ஆசிரியரின் கௌரவத்துக்குக் குறைவன்று.

இயந்திரங்கள் உதவாவா என்று கேட்கலாம். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் நிலையம், இந்தியாவின் ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற களஞ்சியத்தில் சேர்த்துவைக்கிறது; ஒப்புமை காணும் மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கும் ஷோத் சுத்தி என்னும் திட்டமும் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. இவை பயனுள்ள ஏற்பாடுகளே. ஆனால் மென்பொருள் காண்பது சொற்களின் ஒப்புமையை மட்டுமே. அது குற்றமா இல்லையா என்று சொல்லும் விவேகம் அதற்கு இல்லை. கடல்நீரின் உப்பளவை அளக்கும் முறையை எல்லோரும் எழுதுவதுபோலவே எழுதிய ஓர் ஏட்டில் 25 சதவீதம் என்று அது காட்டலாம்; ஓர் ஆய்வின் உயிர்நாடியான கருத்தையே திருடி, சொற்களை மாற்றி எழுதிய வேறோர் ஏட்டில் 8 சதவீதம் என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். ஆங்கிலத்திலிருந்து தமிழிலோ இந்தியிலோ பெயர்த்துத் தன்னுடையதாகத் தருபவனை அது பெரும்பாலும் பிடிப்பதில்லை. எண்ணிக்கையைப் பார்த்துக் கையெழுத்திடும் வழிகாட்டி ஆசிரியர் தம் கடமையைச் செய்தவர் ஆகார்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் முறுகிவிட்டது. 2018-இன் விதிகளில் அதைப் பற்றிய பேச்சே இல்லை. எவர் எழுதியதையும் பிரதி செய்யாமல், எவரும் எழுதாத வாக்கியங்களை அது தருகிறது. ஆகவே ஒப்புமை மென்பொருள் அங்கே தோற்கிறது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் வேறு இயந்திரங்களை நம்பலாமென்றால், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் செய்த சோதனை நம்மை எச்சரிக்கிறது: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்கள் கையாலேயே எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அந்தச் சாதனங்கள் இயந்திரத்தின் எழுத்தென்று தவறாகச் சொல்லின. எளிய சொற்களை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி எழுதும் நம் தீவுப் பிள்ளையின்மேல் அத்தகைய சாதனம் பழிசுமத்தினால், உண்மையாக உழைத்தவனை நாமே கள்வனாக்கிவிட்ட பாவம் நம்மைச் சேரும்.

மாணாக்கர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் நியாயமாகாது. 2015-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போதைய துணைவேந்தர்மீதே எழுத்துக் களவு பற்றியும் தகுதிக் குறிப்புகள் பற்றியும் புகார்கள் எழுந்தன. மாணாக்கர்களும் ஆசிரியர்களும் வளாகத்தில் போராடினார்கள். மத்திய அரசு தலையிட்டு அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி விடுப்பில் வைக்க நேர்ந்தது. அதற்கும் முன்பே, வடக்கே குமாவுன் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டுப் பௌதிக விஞ்ஞானிகளின் கட்டுரை பிரதி செய்யப்பட்டதென்ற புகார் 2002-இல் கிளம்பி, விசாரணை நடந்து, அங்கேயும் துணைவேந்தர் பதவி விலகினார். ஒரு கலாசாலையின் உச்சியில் இருப்பவர்மீது இத்தகைய சந்தேகம் விழும்போது, புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தீவில் அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன நினைப்பான் என்பதை யோசிக்க வேண்டும். 2018-இன் விதிகள் ஆசிரியர்களையும் உள்ளடக்கி, அவர்களுடைய கட்டுரைகளில் திருட்டு நிரூபணமானால் வருஷாந்திர ஊதிய உயர்வை நிறுத்துவதற்கும், புதிய ஆராய்ச்சி மாணாக்கர்களை ஏற்பதிலிருந்து இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் விலக்கிவைப்பதற்கும் வழிசெய்திருப்பது, ஆகையால், மிகவும் பொருத்தமானது.

இனி, இத்தீவுகளுக்கே உரிய நஷ்டம் என்று தொடக்கத்தில் குறித்ததைச் சொல்கிறேன். அந்தமானியரைப் பற்றி உலகம் ஆயிரம் ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறது. அந்த எழுத்தில் பெரும்பகுதி ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதே ஆகும். ஒன்பதாம் நூற்றாண்டின் அரபு வணிகர் குறிப்புகள் இங்குள்ளோரை மனிதரைத் தின்பவர்கள் என்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அவர்களுக்கு நாய்த் தலையையும் சேர்த்தார். கரையில் இறங்கி அவர்களோடு வாழ்ந்து பார்த்து எழுதியவர் எவரும் அக்காலத்தில் இல்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் ஆதாரமாகக் கொண்டார். அவருடையதை அதற்கடுத்தவர் உண்மையென்று கொண்டார். 1858-க்குப் பிறகு ஆங்கிலேயர் இங்கே நிலையாகத் தங்கினார்கள். அவர்களில் எட்வர்டு ஹோரஸ் மான் என்ற அதிகாரி பல்லாண்டுகள் அந்தமானியரோடு பழகி, அவர்களுடைய பாஷையைக் கற்று, மனிதரைத் தின்னும் வழக்கத்தின் சுவடுகூட அவர்களிடம் இல்லையென்று 1883-இல் எழுதினார். அதற்குப் பின்னும் பழைய பொய் ஓயவில்லை. 1890-இல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் நாவல் ஒன்றில், துப்பறிவாளர் ஒரு தேசவிவரணத் தொகுதியைப் புரட்டி, அந்தமானியர் நரமாமிச பட்சிணிகள் என்றே வாசிக்கிறார். பார்த்தவன் சாட்சியம் அச்சில் வந்து ஏழு வருஷமாகியும், பாராதவர்களின் பிரதியே உலகத்தை ஆண்டது. ஒரு மக்கட்கூட்டத்தின் மேல் சுமத்தப்பட்ட அந்த அவதூறு, சரிபார்க்காமல் எடுத்தெழுதும் பழக்கத்தினாலேயே நூற்றாண்டுகளைத் தாண்டி உயிர் வாழ்ந்தது.

எழுத்துக் களவில் மூல ஆசிரியர் இழப்பது ஒரு பங்குதான். வாசகருக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்துபோவது அதைவிடப் பெரிய இழப்பு. யார் சொன்னது என்று தெரிந்தால், அவர் பார்த்தாரா, கேட்டாரா, ஊகித்தாரா என்று நாம் போய் விசாரிக்கலாம். பெயர் மறைக்கப்பட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தம் முகவுரைகளில், எந்த ஏட்டுப் பிரதி யாரிடமிருந்து கிடைத்தது என்பதை எழுதிவைத்தார். பின்னால் வருபவன் தம்மையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற பெருந்தன்மை அதில் இருக்கிறது. அடிக்குறிப்பு என்பதை மேனாட்டார் நம்மேல் சுமத்திய சடங்கென்று நினைக்கும் தமிழ் மாணாக்கர்கள் அந்த முகவுரைகளை ஒருமுறை வாசிக்கட்டும்.

அந்தமானில் இது வெறும் தத்துவமாக நின்றுவிடுவதில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயங்கள் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிப் பூகம்பத்தில் வடக்கு அந்தமானின் கரையோரம் மேலெழுந்து பவளப்பாறைகள் வெளியே தெரிந்ததையும், தெற்கே இந்திரா முனையில் நிலம் தாழ்ந்து கலங்கரை விளக்கத்தின் அடி நீரில் மூழ்கியதையும் நூல்கள் சொல்லும். ஆனால் தன் பாட்டி எந்த மேட்டில் ஏறித் தப்பினாள், எந்தக் கிணறு அதன்பின் உப்பாயிற்று, எந்த வயல் இன்றைக்கும் தரிசாகக் கிடக்கிறது என்பதைப் பேரன் எழுதினாலன்றி ஒருவரும் எழுதப்போவதில்லை. 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர்ப் பக்கம் குடியேறிய கரேன் மக்கள், சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு வந்து ராஞ்சிக்காரர்கள் என்று பெயர்பெற்றவர்கள், 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து காடு திருத்தியவர்கள், கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பிய தமிழர்கள் என்று, இவர்களுடைய பேரப்பிள்ளைகளே இன்றைக்கு இக்கல்லூரிகளின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். (ஜாராவாக்களும் சென்டினல் தீவினரும் வாழும் பகுதிகளுக்குள் செல்வதை 1956-இன் ஒழுங்குமுறை தடுக்கிறது; அந்தத் தடை நியாயமானது. நான் சொல்வது மாணாக்கன் தன் சொந்த வார்டையும் தன் சொந்தக் கிராமத்தையும் பற்றியே.) இப்படிப்பட்ட பிள்ளையிடம் போய், உலகமயமாதலின் விளைவுகள் என்று ஒரு பொதுத் தலைப்பை ஆண்டுதோறும் மாற்றாமல் கொடுத்தால், அவன் திரையிலிருந்து இறக்கி ஒட்டத்தான் செய்வான். தலைப்பே பிரதியாக இருக்கும்போது விடை மட்டும் அசலாக இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது எப்படி? ஸ்ரீ விஜயபுரத்து அபர்தீன் பஜாருக்கு வரும் காய்கறிகளில் எவை தீவில் விளைந்தவை, எவை கப்பலில் வந்தவை என்று நான்கு வாரம் பார்த்து எழுது என்றால், அவன் யாரிடமிருந்து அதைத் திருட முடியும்?

அப்படியும் ஒருவன் பிரதி செய்துவிட்டால் என்ன செய்வது? கண்டும் காணாததுபோல் மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுவதும், வகுப்பு நடுவில் எழுப்பி நிறுத்தி மானபங்கம் செய்வதும், ஆசிரியர்களிடையே காணப்படும் இரண்டு வழக்கங்கள். இரண்டும் மாணாக்கனுக்குச் செய்யும் துரோகம். அவனைத் தனியே அழைத்து உட்காரவைத்து, எழுதியிருப்பதில் ஒரு பத்தியைக் காட்டி, "இதை எனக்கு உன் வார்த்தையில் சொல், தம்பி" என்று கேட்டுப் பார்த்தால், பத்து நிமிஷத்தில் உண்மை தானாகவே வெளிவரும். எழுதியவனாக இருந்தால், ஆங்கிலம் திக்கினாலும் விஷயம் ஓடிவரும். எடுத்தவனாக இருந்தால், முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவான். இதற்கு மென்பொருளும் வேண்டாம், குழுவும் வேண்டாம். முதல் தடவையென்றால் மீண்டும் எழுதச் செய்து, அதற்கு மதிப்பெண்ணில் ஓர் உச்சவரம்பு வைத்து, துறையின் பதிவேட்டில் குறித்து வைக்கலாம். இரண்டாம் தடவையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பெண் இல்லை என்று முன்கூட்டியே எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும். சிறிய ஊரில், ஆசிரியரும் பெற்றோரும் ஒரே தெருவில் குடியிருக்கும் இடத்தில், இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. ஆகையால்தான் தீர்ப்பைத் தனி ஆசிரியரின் தலையில் வைக்காமல், துறை ஆசிரியர்கள் இருவராகச் சேர்ந்து கேட்கும் வழக்கம் நல்லது. ப்ராஜெக்ட் அறிக்கையை ஒரே நாளில் முழுதாக வாங்காமல், முதலில் கேள்வி, பிறகு குறிப்பேடு, பிறகு வரைவு என்று படிப்படியாக வாங்கினால், இந்த விசாரணைக்கே பல சமயம் வேலையிராது.

இப்படி எழுதப்பட்டவற்றில் நல்லவற்றை, எழுதியவர் பெயரோடும் தகவல் தந்தவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரோடும், ஸ்ரீ விஜயபுரத்து மாநில நூலகத்தில் ஓர் அலமாரியில் சேர்த்துவைக்கக் கல்லூரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். அடுத்த வருஷத்து மாணவி அதை எடுத்து வாசித்து, பெயர் சொல்லி மேற்கோள் காட்டி, பிழையிருந்தால் திருத்தி எழுதுவாள். மேற்கோள் காட்டுவது எதற்காக என்பது அப்போது அவளுக்கு யாரும் விளக்காமலே தெரிந்துவிடும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அசைன்மென்டுகளுக்குச் சட்டம் தந்திருக்கும் விலக்கு, ஆசிரியர்களுக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரமும்கூட. மாயாபந்தர்க் கல்லூரி வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம். கரேன் மக்களின் வெபி கிராமம் அதற்கு அருகிலேயே இருக்கிறது. அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் சிலரேனும் அதன் வகுப்புகளில் இருப்பார்கள்.